தலைகீழாய்த் தொங்கும் ரூட்டர்: ஒரு தச்சு மேசையின் கதை

ரூட்டர் என்று படித்ததும் உங்கள் கண் ஹாலின் மூலைக்குப் போயிருக்கும், பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்க. இது அந்த வைஃபை ரூட்டர் இல்லை. தச்சர் கையில் இருக்கும் ரூட்டர். பலகையின் ஓரத்தை உருட்டவும், பூ வரி போடவும், காடி எடுக்கவும் பயன்படும் சின்ன மின் இயந்திரம். ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தைக் கெடுத்து, வாட்ஸ்அப் குழுவில் "எந்த வீட்டில் சத்தம்?" என்று உங்களைக் கேட்க வைத்ததும் அநேகமாக இதுதான்.

இந்தக் காலாண்டு வரலாற்றுப் பகுதிக்குக் கோயிலையும் மகாலையும் விட்டுவிட்டு இதை எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. போன மாதம் எங்கள் வீட்டில் அலமாரிக் கதவு வேலை நடந்தது. வந்த தச்சர் இளைஞர், கெட்டிக்காரர். இரண்டு விரல் அகலமே உள்ள ரீப்பர் கட்டைகளுக்கு ஓரம் உருட்ட வேண்டியிருந்தது. பால்கனித் தரையில் குந்தி உட்கார்ந்து, கட்டையைக் கால் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, ரூட்டரை ஓட்டினார். ஒரு கட்டை திடீரென்று துள்ளியது. பிட் அவர் கால் விரலுக்கு ஒரு விரற்கடை தள்ளித் தரையில் உரசி நின்றது. ரத்தம் இல்லை. ஆனால் இரண்டு பேருமே சற்று நேரம் பேசவில்லை.

"தம்பி, இன்னைக்கு இது போதும்" என்றேன்.

மறுநாள் காலை அவர் வந்ததும் கதவைத் தொடவில்லை. மிச்சம் கிடந்த பிளைவுட் துண்டுகளைக் கேட்டார். மதியச் சாப்பாட்டுக்குள் ஒரு மேசை நின்றது. நடுவில் ஒரு ஓட்டை. அதற்குக் கீழே அதே ரூட்டர் தலைகீழாகத் தொங்கியது. பிட் மட்டும் மேசைக்கு மேலே எட்டிப் பார்த்தது. முந்தின நாள் உயிரை வாங்கிய கட்டைகள் அரை மணி நேரத்தில் முடிந்தன.

"எங்கே கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"யூடியூப்லதான் சார். ஆனா எங்க தாத்தா வண்டிச் சக்கரம் செய்வாரு. அவரும் எல்லாத்துக்கும் ஒரு பலகை, ஒரு அச்சு செஞ்சு வச்சுக்கிட்டுத்தான் வேலையத் தொடங்குவாரு."

அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரை.

மண்ணுக்குள் மரம் நிற்காது

மர வேலையின் வரலாற்றைத் தேடினால் முதலில் ஏமாற்றமே கிடைக்கும். கல் நிற்கும், பானை நிற்கும், மரம் மட்கிவிடும். நம் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கும் கீழடியையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 2015-ல் இருந்து அகழாய்வு நடக்கிறது. 2023 மார்ச்சில் அருங்காட்சியகமும் திறந்தார்கள். கூரை ஓடுகள் கிடைத்தன, இரும்புப் பொருள்கள் கிடைத்தன, மரக்கம்பம் நட்ட குழிகளின் தடங்கள் கிடைத்தன. ஓடு இருந்தால் அதைத் தாங்கிய மரச்சட்டம் இருந்திருக்கும். சட்டம் இருந்தால் அதைப் பொருத்திய தச்சரும் இருந்திருப்பார். ஆனால் அவர் செய்த மரமும் இல்லை, அதைச் செய்ய உதவிய மரக்கருவியும் இல்லை. அவை இருந்த இடம் மட்டும் குழியாக மிஞ்சியிருக்கிறது.

ஆகவே தச்சரின் அறிவைத் தேட வேண்டிய இடம், இன்றும் அந்த வேலை செய்பவர்களின் பழக்கமும் பேச்சும்தான். "காடி" என்ற சொல்லைப் பாருங்கள். பலகையில் நீளவாக்கில் எடுக்கும் பள்ளம் காடி. உங்கள் வீட்டு நிலையில் கதவு போய் உட்காரும் படி ஒரு காடி. மேசை டிராயரின் அடிப்பலகை செருகியிருக்கும் பள்ளம் ஒரு காடி. ஆணியும் பசையும் மட்டும் பிடிக்கும் அலமாரி சில வருடத்தில் ஆடும். காடியில் உட்கார்ந்த பலகை அவ்வளவு சீக்கிரம் ஆடாது. நல்ல தச்சரை அடையாளம் காண, அவர் காடியைப் பார்த்தாலே போதும்.

காடி எடுப்பதில் சிக்கல் வெட்டுவதில் இல்லை. உளி கூராக இருந்தால் மரம் வெட்டுப்படும். ஐந்தடி நீளத்துக்கும் ஒரே ஆழம், ஒரே அகலம், ஓரத்திலிருந்து ஒரே தூரம் வர வேண்டும். அதற்குக் கை மட்டும் போதாது. கைக்கு வழி காட்ட ஏதாவது ஒன்று வேண்டும்.

பாதி வாங்கியது, பாதி செய்தது

மின்சாரம் இல்லாத காலத்தில் அந்த வழிகாட்டி இழைப்புளியின் கட்டைதான். இழைப்புளியின் இரும்பு அலகு கொல்லரிடமிருந்தோ கடையிலிருந்தோ வரும். அதைப் பிடித்திருக்கும் கட்டையைத் தச்சரே தன் கைக்கும் உயரத்துக்கும் தக்கபடி கெட்டி மரத்தில் செய்துகொள்வார். காடி எடுக்க ஒன்று, ஓரம் உருட்ட ஒன்று, அரைவட்ட வரி போட ஒன்று என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டை. அலகு எவ்வளவு ஆழம் இறங்கலாம், ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி ஓடலாம் என்பதை அந்தக் கட்டையே தீர்மானித்துவிடும். வெட்டும் இரும்பு வாங்கியது. நேராக வெட்ட வைக்கும் மரம் சொந்தமாகச் செய்தது.

இதுவே மதுரையைச் சுற்றிய சமவெளியில் வண்டிச் சக்கரம் செய்தவர்களுக்கும் பொருந்தும். 1895-ல் முல்லைப் பெரியாறு அணை திறந்து வைகைப் படுகைக்குத் தண்ணீர் வந்த பிறகு, மேலூர்ப் பக்கமெல்லாம் நெல் விளைந்தது. நெல்லைச் சுமந்தது மாட்டுவண்டி. சக்கரத்தின் நடுவில் குடம், அதிலிருந்து கிளம்பும் ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றி வளைந்த வட்டைகள், எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்க இரும்புப் பட்டா. வட்டைத் துண்டுகளில் ஒன்றின் வளைவு பிசகினாலும் பட்டா சரியாக உட்காராது, சக்கரம் ஆடும். அதனால் ஒவ்வொரு துண்டையும் கண்ணால் அளந்து வெட்டமாட்டார்கள். ஒரே அச்சுப் பலகையை வைத்துக் கோடு போட்டு அறுப்பார்கள். அந்த இளைஞரின் தாத்தா சொன்ன பலகை அதுதான்.

இதைவிட நுணுக்கமான வேலையைப் பார்க்க வேண்டுமானால் காரைக்குடிப் பக்கம் போய்வாருங்கள். 1852 போருக்குப் பிறகு கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. அங்கே வட்டித் தொழில் செய்த நகரத்தார் குடும்பங்கள் பர்மாத் தேக்கைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து வீடு கட்டின. 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது அந்த வரத்து நின்றது. அந்த வீடுகளின் நிலைக்கதவு முன் நின்று, சிற்பத்தை விட்டுவிட்டு, சட்டத்தைச் சுற்றி ஓடும் மெல்லிய வரிகளை மட்டும் பாருங்கள். மூலையில் இரண்டு வரிகள் சந்திக்கும் இடத்தில் மயிரிழை பிசகு இருக்காது. அத்தனை அடி நீளத்துக்கும் கையால் இழைத்த வரி அது.

நூற்றுப்பத்துப் பேர் வேலையைப் பத்துப் பேர்

மரத்தைச் சுழலும் கத்தியால் வெட்டும் யோசனை இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. சாமுவேல் பெந்தாம் என்பவர் 1791-லும் 1793-லும் மர வேலை இயந்திரங்களுக்குக் காப்புரிமை வாங்கினார். இழைத்தல், காடி எடுத்தல், ஓர வரி போடுதல் ஆகியவற்றைச் சுழலும் வெட்டுக்கருவியால் செய்யும் வழி அதில் இருந்தது.

அவர் பின்னர் ஆங்கிலக் கடற்படைத் தளங்களில் பொறுப்புக்கு வந்தார். அப்போது பாய்மரப் போர்க்கப்பல் ஒன்றுக்கே ஏறத்தாழ ஆயிரம் மரக் கப்பிகள் தேவை. அவற்றைச் செய்ய மார்க் பிருனெல் வடிவமைத்து, ஹென்றி மாட்ஸ்லே செய்து கொடுத்த இயந்திரங்கள் போர்ட்ஸ்மவுத் தளத்தில் வரிசையாக நின்றன. 1808-ல் அந்த ஒரு பட்டறை 1,30,000 கப்பிகளைச் செய்தது. முன்பு 110 கைதேர்ந்த தொழிலாளர் செய்த வேலையை, பயிற்சி இல்லாத 10 பேர் செய்து முடித்தார்கள் என்று அன்றைய கணக்கு சொல்கிறது.

இந்தக் கணக்கைப் படிக்கும்போது நீங்கள் அந்த பத்துப் பேரைப் பார்த்து வியக்கலாம். எனக்கு மற்ற நூறு பேரைப் பற்றித்தான் கேள்வி எழுகிறது. கையில் இருந்த திறமை இயந்திரத்துக்குள் போய்விட்டது; இயந்திரமோ பட்டறைக்காரருடையது.

19-ஆம் நூற்றாண்டில் இதே யோசனை பெரிய மரப் பட்டறைகளுக்கு வந்தது. இரும்பு மேசை, அடியிலிருந்து மேலே நீட்டிக்கொண்டு சுழலும் தண்டு, அதில் கத்தி. அதை நீராவியும் பெல்ட்டும் ஓட்டின. கிராமத்துத் தச்சர் கனவிலும் வாங்க முடியாத பொருள்.

மேலே வந்து, மறுபடி கீழே போனது

முதல் உலகப்போர் காலத்தில் அமெரிக்காவின் சிராக்யூஸ் நகரில் ஆர்.எல். கார்ட்டர் என்பவர் இதைச் சிறிய மின் மோட்டாரோடு சேர்த்து, கையில் பிடிக்கும் கருவியாக்கினார். 1929-ல் ஸ்டான்லி கம்பெனி அந்தத் தொழிலை வாங்கியது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஜெர்மனியின் எலு கம்பெனி, மரத்தின் நடுவிலேயே மேலிருந்து கீழாக அழுத்தி இறக்கக்கூடிய ரூட்டரைக் கொண்டுவந்தது. இன்று நம் வீடுகளுக்கு வரும் தச்சர்களின் பையில் இருப்பவை இவற்றின் வாரிசுகள்.

பட்டறை முழுக்க அடைத்திருந்த இயந்திரம் ஒரு பைக்குள் வந்ததில் நன்மை பெரிது. ஆனால் ஒன்று தொலைந்தது: மேசை. கையில் பிடிக்கும் ரூட்டரில் இரண்டு கையும் இயந்திரத்தைப் பிடிக்கின்றன. அப்போது மரத்தை யார் பிடிப்பது? பெரிய பலகை என்றால் அதன் கனமே போதும், கிளாம்பும் போடலாம். சின்னக் கட்டை என்றால் கால்தான் பிடிக்கிறது. எங்கள் பால்கனியில் நடந்தது அதுதான்.

அதனால் உலகம் முழுவதும் சிறு தச்சர்கள் கையில் வந்த ரூட்டரை மறுபடி தலைகீழாக்கி, ஒரு பலகைக்கு அடியில் திருகி மாட்டினார்கள். இயந்திரம் அசையாமல் நிற்க, இரண்டு கையும் மரத்துக்கு வந்தன. பெரும் பட்டறையின் இரும்பு மேசை செய்த வேலையை ஒரு பிளைவுட் துண்டு செய்தது. வெட்டும் பகுதி வாங்கியது, வழிகாட்டும் பகுதி சொந்தமாகச் செய்தது. இழைப்புளியின் பழைய கணக்குதான் இது.

நம் மாவட்டத்து டி.கல்லுப்பட்டியில், 1940-ல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில், பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். கிராமத் தொழில்களுக்காக வாழ்நாள் முழுக்க வாதாடியவர். அவர் போன்றோரை "இயந்திரமே வேண்டாம் என்றவர்கள்" என்று சுருக்கிவிடுவது எளிது. ஆனால் காந்தியே 1924-ல் இயந்திரங்களைப் பற்றிப் பேசும்போது சிங்கர் தையல் மெஷினுக்கு விலக்கு அளித்தார். ஒரு தனி ஆள் தன் வீட்டில், தன் கட்டுப்பாட்டில் வைத்து ஓட்டக்கூடியது அது. போர்ட்ஸ்மவுத் இயந்திரத்தையும் தச்சர் தானே செய்த ரூட்டர் மேசையையும் எடைபோட இதே அளவுகோல் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. முதலாவது, தொழிலாளியின் திறமையைத் தேவையில்லாமல் ஆக்கியது. இரண்டாவது அந்தத் திறமையால் உருவாகி, அவர் விரலைக் காக்கிறது.

நீங்களே செய்வதென்றால்

நம்மில் சிலர் ஓய்வு நேரத்தில் மர வேலை செய்கிறீர்கள். உங்களுக்காகவும், தச்சரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காகவும், எங்கள் மேசையை வைத்துக் கற்றதைச் சொல்கிறேன்.

மேல்பலகைக்கு 18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒட்டி 36 மி.மீ. ஆக்குங்கள். 32 அங்குல நீளம், 24 அங்குல அகலம் போதும். மேலே வழவழப்பான மைக்கா ஒட்டினால் கட்டை தடங்கலின்றி நகரும். உயரம் இடுப்பளவு. ரூட்டரை நேரடியாகக் கனமான பலகையில் மாட்டினால் பிட் போதுமான அளவு மேலே வராது. அதனால் நடுவில் ஒரு செவ்வகம் வெட்டி, 8 அல்லது 10 மி.மீ. கனமுள்ள அலுமினியம் அல்லது பேக்கலைட் தகட்டைப் பதித்து, அதில் ரூட்டரை மாட்டுங்கள். தகடு பலகையோடு ஒரே மட்டமாக இருக்க வேண்டும். ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தி வைத்து ஓட்டிப் பாருங்கள், எங்கேயும் தட்டக்கூடாது.

அடுத்து தடுப்புச் சட்டம். இரண்டு பலகையை 'ட' போல நேர்க்கோணத்தில் சேர்த்து, முதுகில் முக்கோணத் தாங்கல் கொடுத்து, நடுவில் பிட் நுழைய வாய் வெட்டுங்கள். இதை மேசையின் ஓரத்துக்கு இணையாக வைக்க வேண்டியதில்லை என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். சுழலும் பிட்டுக்கும் சட்டத்துக்கும் உள்ள தூரம்தான் கணக்கு. எந்தச் சாய்வில் வைத்தாலும் அந்தத் தூரம் மாறாவிட்டால் காடி மாறாது. ஆகவே ஒரு முனையைப் போல்ட்டில் மாட்டி, மறுமுனையை நகர்த்தி, இரு முனையையும் இறுக்கினால் போதும். கட்டையைச் சட்டத்தோடு அழுத்திப் பிடிக்க, சீப்புப் பல் போல வெட்டிய பலகை ஒன்றைப் பக்கத்தில் கட்டுங்கள். கட்டை முன்னே போகும், பின்னே துள்ளாது.

ஓட்டும்போது மறக்கக் கூடாதவை:

முதலாவது, திசை. மேசையில் சட்டத்தைப் பார்த்து நின்றால், கட்டையை வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும். மாற்றித் தள்ளினால் பிட் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடும், பின்னாலேயே உங்கள் கையும் போகும். பிட்டுக்கும் சட்டத்துக்கும் இடையில் கட்டையை ஒருபோதும் நுழைக்காதீர்கள்.

இரண்டாவது, வேகம். நிமிடத்துக்கு 24,000 சுற்றில் 12 மி.மீ. பிட்டின் விளிம்பு மணிக்கு சுமார் 54 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. அதே சுற்றில் 50 மி.மீ. பிட்டின் விளிம்பு மணிக்கு சுமார் 226 கி.மீ. நம் மதுரை ஜங்ஷனுக்கு வரும் எந்த ரயிலும் ஓடாத வேகம். பெரிய பிட் போட்டால் வேகத்தைக் குறையுங்கள். வேகம் குறைக்கும் வசதி இல்லாத ரூட்டரில் பெரிய பிட் போடவே வேண்டாம்.

மூன்றாவது, பிட்டின் காம்பு. 6 மி.மீ. காம்பும் கால் அங்குலக் காம்பும் பார்வைக்கு ஒன்றுதான். கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. கால் அங்குல வாயில் 6 மி.மீ. பிட்டைப் போட்டு இறுக்கினால் இறுகியது போலத் தெரியும், ஓடும்போது நழுவி வெளியே வரும்.

நான்காவது, சுவிட்ச். சிலர் ரூட்டரின் சுவிட்சைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, சுவரில் பிளக்கைப் போட்டு ஓட்டுகிறார்கள். கரண்ட் போய்விட்டது, நீங்கள் குனிந்து தூசி துடைக்கிறீர்கள், கரண்ட் திரும்பி வருகிறது. மீதியை நான் சொல்ல வேண்டாம். சாதாரண தண்ணீர் மோட்டார் ஸ்டார்ட்டரில் கரண்ட் போனால் பச்சைப் பொத்தானை மறுபடி அமுக்கினால்தான் மோட்டார் ஓடும். அந்த வகைச் சுவிட்ச்தான் மேசைக்கும் வேண்டும். பிட் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கையுறை போடாதீர்கள்; சுழலும் பிட் அதைப் பிடித்து விரலையும் சேர்த்து இழுக்கும். தோளில் துண்டும் வேண்டாம்.

நம் குடியிருப்பு செய்யக்கூடியது

காரிடாரில் மர இயந்திரம் ஓட்டக்கூடாது என்று நம் சங்கம் விதி போட்டபோது நானும் கை தூக்கினேன். வழி மறிக்கிறது, தூசி பறக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதன் பிறகு என்ன நடந்தது? தச்சர்கள் பால்கனிக்கும் படுக்கையறைக்கும் போனார்கள். மேசை போட இடமில்லை. தரையில் குந்தி, காலால் அழுத்தி, ஜன்னல் மூடிய அறைக்குள் தூசியை மூச்சிழுத்து வேலை செய்கிறார்கள். மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்திருக்கிறது. நமக்கு ஒரு வாரத் தொல்லை. அவர்களுக்கு ஆயுள் முழுக்க.

சத்தம் பற்றிய கோபமும் நியாயம்தான். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. ரூட்டர் பக்கத்தில் நின்றால் 90-ஐத் தாண்டும். எந்த மாடியில் ஓடினாலும் எல்லா மாடிக்கும் கேட்கும்.

ஆகவே அடுத்த பொதுக்குழுவில் ஒரு யோசனை வைக்கப் போகிறேன். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் சும்மா கிடக்கும் இடத்தில் ஒரு தகரக் கூரை, ஒரு மின் இணைப்பு, சரியான ஸ்டார்ட்டர், அசையாத ஒரு மேசை. காலை 10 முதல் மாலை 5 வரை, ஞாயிறு விடுமுறை. எந்த வீட்டு வேலைக்கு வரும் தச்சரும் வெட்டுவதையும் காடி எடுப்பதையும் அங்கே செய்து, மேலே வந்து பொருத்தட்டும். செலவு எல்லா வீட்டுக்கும் பங்கிட்டால் சிறியதுதான். மேசையைச் செய்து தர எங்கள் வீட்டுக்கு வந்த தச்சர் ஒப்புக்கொண்டிருக்கிறார். கூலி கொடுத்துத்தான்.

அதுவரை, உங்கள் வீட்டில் மர வேலை நடந்தால் ஒன்று செய்யுங்கள். தச்சர் தரையில் உட்கார்ந்து, காலால் கட்டையை அழுத்தி ரூட்டர் ஓட்டுகிறாரா என்று ஒரு முறை எட்டிப் பாருங்கள். ஓட்டினால், வேலையை அவசரப்படுத்தாமல், மேசை செய்துகொள்ள அரை நாளும் மிச்சப் பிளைவுட்டும் கொடுங்கள். அந்த அரை நாள் கூலியையும் சேர்த்தே கொடுங்கள்.